கடாரம் கொண்ட நீர்நாய்

1025-இல் முதலாம் ராஜேந்திர சோழன் கப்பற்படையை அனுப்பிக் கடாரத்தை, அதாவது இன்றைய கெடாவைப் பிடித்தான். பிடித்த கையோடு ‘கடாரம் கொண்டான்’ என்று பட்டம். தஞ்சைப் பெரிய கோயில் சுவரில் மெய்க்கீர்த்தி. கெடாவின் மெர்போக் முகத்துவாரத்து நீர்நாய்களுக்கு மட்டும் அந்தச் சேதி போய்ச் சேரவில்லை. அவற்றுக்கும் எல்லைக் கல்வெட்டு உண்டு. கரையில் ஒரே இடத்துக்குக் குடும்பத்தோடு வந்து எச்சம் போட்டுவிட்டுப் போகும். மீன் செதில், முள், நண்டு ஓடு எல்லாம் அதில் துருத்திக்கொண்டிருக்கும். நாற்றம் குடலைப் பிடுங்கும். ஆனால் மெய்க்கீர்த்தியைவிட நம்பகமானது. நேற்றுத் தின்றதற்கு மேல் ஒரு வரிகூடச் சேர்க்காது.

சோழன் போனான். சயாம்காரன் பொன் பூ கப்பம் வாங்கினான். 1909-இல் பாங்காக் ஒப்பந்தம் போட்டு வெள்ளைக்காரனிடம் கெடாவைத் தள்ளிவிட்டான். சுல்தானையே ஒரு வார்த்தை கேட்கவில்லை, நீர்நாயையா கேட்பார்கள்? துரை வந்தார், கிராணி வந்தார், கங்காணி நம்மை ஓட்டி வந்தார். காடு போய் ரப்பர் வந்தது. விடியுமுன் பிரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) நின்று, மங்கு மங்காகப் பால் எடுத்து, ஸ்டோரில் ஆசிட் ஊற்றி உறைய வைத்தோம். மிச்சத் தண்ணீர் ஆற்றுக்குப் போனது. ரப்பர் ஆலைக் கழிவுக்கென்று விதி வந்ததே 1978-இல்தான்.

இருந்தும் பெரிய அடி கொடுத்தவர் எந்த மன்னரும் இல்லை. 1970-இல் இயங்கத் தொடங்கிய மூடா நீர்ப்பாசனத் திட்டம், சுமார் 96,000 ஹெக்டர் வயலில் ஆண்டுக்கு இரண்டு போகம் கொண்டுவந்தது. நாட்டுக்குச் சோறு கிடைத்தது, பூச்சி மருந்து வயலில் இறங்கியது, செப்பாட் மீனும் விராலும் குறைந்தன. நமக்கு இரண்டு போகம். நீர்நாய்க்கு அரைப் போகம்.

பிறகு திடீர் மரியாதை. 2019-இல் ஜெனிவாவில் அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் மாநாடு கூடி, மென்முடி நீர்நாயையும் சிறுநக நீர்நாயையும் முதல் பட்டியலில் ஏற்றி, நாடு கடந்த வணிகத்துக்குத் தடை போட்டது. ஜப்பான் காப்பிக் கடைகளில் காசு கொடுத்துக் குட்டியைக் கொஞ்ச ஆள் கூடியதும், கடத்தல்காரன் பையோடு கிளம்பியதும்தான் காரணம். ஆறு நாறியபோது எவரும் மாநாடு கூட்டவில்லை.

ஜொகூர் பக்கமிருந்து நீந்திப் போனதாகக் கருதப்படும் உறவுக்காரர்கள் 1998-இல் சிங்கப்பூர் சுங்கை பூலோவில் பாஸ்போர்ட் இல்லாமல் குடியேறி, பெருகி, பங்களாக் குளத்துக் கோய் மீனைத் தின்றே நட்சத்திரமாகிவிட்டார்கள். இங்கே குளத்துக்காரர், “ராத்திரியோட ராத்திரியா திலாப்பியாவ முடிச்சிருச்சுங்க!” என்று தலையில் அடித்துக்கொண்டாலும், 2010 வனவிலங்குச் சட்டமும் வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானும் நீர்நாய் கட்சிதான். பிடித்தால் கேஸ். வேலிக் காசு அவர் கையிலிருந்து.