மரத்தரைக்காரர்

மரத்தரைக்காரர் சென்னை அடுக்குமாடிக் குடியிருப்புகளில், பெரும்பாலும் முதல் மாடிக்கு மேல் காணப்படுபவர். தரைத்தளத்தில் ஈரமும் கரையானும் அவருக்கு முன்பே குடியேறியிருக்கும். பில்டர் போட்டுக் கொடுத்த வெள்ளை விட்ரிஃபைடு டைல்ஸில் சில வருடம் நடந்தபின் அவருக்கு அது ஆஸ்பத்திரி வராந்தாவாகத் தெரியத் தொடங்கும். டைல்ஸை உடைத்தால் கீழ்வீட்டுக்காரர் சங்கச் செயலாளரையும் கூட்டிக்கொண்டு மேலே வருவார். ஆகவே அதன் மேலேயே மரத்தரை போட முடிவாகிறது.

போடப்படுவது 8 மில்லிமீட்டர் லேமினேட்: அழுத்திய மரநார்ப் பலகை, அதன்மேல் ஓக் மரத்தின் அச்சுப்படம். ஒரே கணு சில பலகைகளுக்கு ஒருமுறை திரும்ப வரும். அதைக் கண்டுபிடித்துச் சொல்லும் விருந்தாளிக்கு இரண்டாவது காபி கிடையாது.

முதலில் டைல்ஸைத் தட்டிப் பார்த்து, ஆடுவதை ஒட்டி, பள்ளத்தை நிரப்பி மட்டம் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் பலகை காலடியில் முனகும். பலகைக் கட்டுகள் அறையின் காற்றுக்குப் பழக 48 மணி நேரம் கூடத்தில் கிடக்கும். குடும்பம் அவற்றைத் தாண்டித் தாண்டி நடக்கும். பிறகு பாலித்தீன், ஃபோம், அதன்மேல் ஒன்றோடொன்று கொக்கி மாட்டும் பலகைகள். ஆணியும் இல்லை, பசையும் இல்லை. சுவரோரம் ஒரு விரல் அகலம் இடைவெளி விட்டு, ஸ்கர்ட்டிங்கால் மறைக்க வேண்டும். அழகுக்காக அதை அடைத்தவர் வீட்டில் ஐப்பசி மழைக்குக் கூடத்தின் நடுவே சிறு குன்று எழும்பும்.

கதவை மட்டும் யாரும் யோசிப்பதில்லை. பலகை 8, ஃபோம் 2. தரை 10 மில்லிமீட்டர் உயர்ந்துவிட, உள்பக்கம் திறக்கும் கதவு ஒன்றும் திறக்காது. தச்சர் வருகிறார். அப்பா காலத்துப் பணத்தில் செய்த அசல் தேக்குக் கதவைக் கழற்றி, அடியை இழைத்து, ஓக் படத்துக்கு இடம் செய்து தருகிறார்.

அன்றிலிருந்து மரத்தரைக்காரர் தண்ணீருக்கு எதிரி. வெள்ளிக்கிழமை வீடு கழுவும் வழக்கம் நின்றுவிடும். வீட்டு வேலை செய்யும் பெண் துணியை மூன்று முறை பிழிந்து காட்டிய பிறகே கூடத்துக்குள் வரலாம். குளியலறை வாசலில் இரண்டு மிதியடி. "நடந்தா டொக்கு டொக்குனு கேக்குதேப்பா" என்று ஊரிலிருந்து வந்த அம்மா சொன்னால், ஃபாரினிலும் அப்படித்தான் என்பார்.

அக்கம்பக்கத்தார் விலை கேட்டால் சதுர அடிக் கணக்கைச் சொல்வார். கதவு இழைத்த கூலி அதில் சேராது.