அரைச் சேவலும் அறப்பணி ஓட்டமும்

ஜெர்மனியின் கொலோன் நகரத்து பியர்க் கடைகளில் ‘ஹால்வே ஹான்’, அதாவது அரைச் சேவல் கேட்டால், ரை ரொட்டியும் தடித்த கௌடா சீஸும் வரும். சேவல் வராது. விவரமறியாத சைவர்கள் அதைத் தவிர்த்துவிட்டு, சாதுவாகத் தெரியும் ‘வானமும் பூமியும்’ வரவழைப்பார்கள். ஆப்பிள் மசியல், உருளைக்கிழங்கு மசியல், பக்கத்திலேயே ரத்தத்தில் செய்த சாசேஜ்! பவேரியாவின் ‘ஈரல் சீஸி’ல் பெரும்பாலும் ஈரலும் கிடையாது, சீஸும் கிடையாது. கொத்துக்கறி ரொட்டியான ‘பொய் முயல்’ ஒன்றுதான் யோக்கியம்; பித்தலாட்டத்தைப் பெயரிலேயே ஒப்புக்கொள்கிறது.

இந்தப் பெயர்களுக்கு இணையான குழப்பம் வேண்டுமென்றால், அந்நாட்டுப் பள்ளிகளின் நன்கொடை ஓட்டத்துக்குத் தொண்டராகப் போகலாம். சுற்றுக்கு இத்தனை யூரோ என்று உறவினர்கள் முன்கூட்டியே எழுதிக் கொடுப்பார்கள். பிள்ளை ஓட ஓட அறம் வளரும். தொண்டரின் வேலை, சுற்றுக்கொரு முத்திரை குத்துவது. ஐந்து யூரோ என்று தாராளமாகக் கையெழுத்திட்ட மாமா மூன்றாம் சுற்றுவரை கைதட்டுவார். எட்டாம் சுற்றில், “போதும்டா, கொஞ்சம் உட்கார், தண்ணி குடி” என்று பாசம் பொங்கும். பன்னிரண்டில், முத்திரை குத்துகிறவரின் கணக்கறிவின் மேலேயே சந்தேகம் வந்துவிடும்.

ஓட முடியாதவர்கள் கேக் வாங்கிப் புண்ணியம் தேடலாம். பெற்றோர் போட்ட மேசையில் ‘குளிர்ந்த நாய்’ துண்டு போட்டு வைத்திருக்கும்: பிஸ்கட், கோகோ, தேங்காய்க் கொழுப்பு, அவ்வளவுதான். நிதி தெருநாய்க் காப்பகத்துக்கே போவதானாலும் பெயரை மாற்ற யாருக்கும் தோன்றாது. கூட இரண்டு துண்டு விற்கும்.