காயலான்கடை எக்னாமிஸ்ட்

கார்டிஃப், வேல்ஸ்

அன்புள்ள அம்மாவுக்கு,

"எக்னாமிஸ்ட்னா பேங்க்ல கேஷியரா, இல்ல இன்னும் படிச்சிட்டே இருக்கானா?" என்று எதிர்வீட்டு அத்தை கேட்டதாகச் சொன்னாய். இரண்டுக்கும் நடுவில் என்று சொல்லிவிடு. இரும்பு விலை ஏறுமா இறங்குமா என்று நாற்பது பக்கம் எழுதி, கடைசியில் "இரண்டுக்கும் வாய்ப்பு உண்டு" என்று முடிப்பது என் வேலை. இதற்குத்தான் மெட்ராஸ் யுனிவர்சிட்டியில் எம்.ஏ., இங்கே ஒரு எம்.எஸ்ஸி., நடுவில் உன் வளையல் அடகு.

பக்கத்தில் போர்ட் டால்பட்டில் டாடா ஸ்டீல் ஆலை இருக்கிறது. 2024 செப்டம்பர் 30-ல் கடைசி ஊது உலையையும் அணைத்துவிட்டார்கள். ஆயிரக்கணக்கில் வேலை போயிற்று. இப்போது பழைய இரும்பை மின்சாரத்தில் உருக்கும் உலை கட்டுகிறார்கள். செலவு 125 கோடி பவுண்டு. அதில் 50 கோடி அரசாங்கம் தருகிறது. மீட்டிங்கில் ஒருவர் படம் போட்டு, ஸ்கிராப்பை உருக்குவதுதான் எதிர்காலம், இதுதான் பசுமை மாற்றம் என்றார். அப்பா இத்தனை வருஷமாக சிப்காட் ஸ்கிராப் உலையில், அதாவது எதிர்காலத்தில்தான், நைட் ஷிப்ட் பார்க்கிறார் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. மொட்டைமாடியில் நீ காயப்போடும் துணிக்கு மட்டும் இந்தப் பசுமைச் சேதி இன்னும் எட்டவில்லை. அந்த மீட்டிங் அறையில் ஒருத்தர் சட்டையிலும் பொறி பட்ட ஓட்டை இல்லை.

இரும்பு பற்றி இவ்வளவு பேசுகிறவனுக்கு ஒரு தக்காளி டப்பாவைத் தூக்கிப்போடத் துப்பில்லை. 2024 ஏப்ரல் 6 முதல் வேல்ஸில் ஆபீஸ்களும் குப்பையைப் பிரித்துத்தான் போட வேண்டும் என்று சட்டம். காகிதத்துக்கு ஒரு பெட்டி, கண்ணாடிக்கு ஒன்று, டப்பாவுக்கும் பிளாஸ்டிக்குக்கும் ஒன்று, சாப்பாட்டு மிச்சத்துக்கு ஒன்று. டீத்தூள் பை எதில்? அதன் நூல் எதில்? நூல் நுனியில் தொங்கும் சீட்டு எதில்? ஒரு நாள் எல்லாப் பெட்டி முன்னாலும் நின்று பார்த்துவிட்டு, ஈரத்தோடு சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். டப்பாவைக் கழுவிப் போட வேண்டுமாம். கழுவி! நம் தெருக் காயலான்கடைக்காரரிடம் "கழுவித் தரட்டுமா?" என்று கேட்டிருந்தால், எடையில் ஏதோ தில்லுமுல்லு என்று தராசைத் திருப்பிப் பார்த்திருப்பார். அங்கே துருப்பிடித்த வாளிக்கே பேரீச்சம்பழம் கிடைத்தது. இங்கே சோப்புப் போட்டுக் கழுவிச் சும்மா கொடுக்கிறேன், திட்டுதான் கிடைக்கிறது.

இனி சொல்வது உனக்கு மட்டும். படிப்பு முடித்ததும் கொடுத்த விசா 2 வருஷத்துக்குத்தான். அதற்குள் வேலை விசாவுக்கு மாற வேண்டும். அதற்கான சம்பள வரம்பை 2025 ஜூலையில் 41,700 பவுண்டாக்கிவிட்டார்கள். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்குச் சலுகை, 33,400. என் சம்பளம் அதையும் எட்டவில்லை. இரும்புக்கு ஐந்து வருஷக் கணிப்பு எழுதுகிறேன், அடுத்த தீபாவளிக்கு எந்த ஊரில் இருப்பேன் என்று தெரியாமல். அத்தையிடம் இதைச் சொல்லாதே. ரிப்போர்ட்டின் முதல் பக்கத்திலேயே என் பெயர் இருக்கிறது, அதைச் சொல்.

ரிப்போர்ட் என்றதும் ஞாபகம் வருகிறது: 1915-ல் கில்பர்ட் ஸ்லேட்டர் என்ற இங்கிலாந்துக்காரர் நம் மெட்ராஸ் யுனிவர்சிட்டிக்கு முதல் பொருளாதாரப் பேராசிரியராக வந்து, மாணவர்களை அவரவர் ஊருக்கே அனுப்பி, நிலம், கூலி, கடன் எல்லாம் விசாரித்து எழுதிவரச் சொன்னார். எனக்கு டிக்கெட்டுக்குக் காசில்லை. அதனால் நீயே அப்பாவை விசாரி: ஸ்கிராப் இன்றைக்கு டன் என்ன ரேட்? பீக் அவர் கரண்ட் கட்டணத்துக்குப் பயந்து சாயங்காலம் பர்னஸை நிறுத்துகிறார்களா? வெள்ளிக்கிழமைக்குள் வாட்ஸ்அப்பில் போடச் சொல். ரிப்போர்ட்டில் அப்பாவை 'தொழில்துறை வட்டாரங்கள்' என்று போட்டுக்கொள்கிறேன்.