வானத்துக்கு லே-அவுட் போட்டவர்களுக்கு ஒரு பாராட்டு மடல்

மகா கனம் பொருந்திய சிட்டி ஆஃப் லண்டன் கார்ப்பரேஷனின் கட்டட அனுமதிக் குழுவினர் சமூகத்துக்கு,

புகார்க் கடிதங்களைப் படித்துப் படித்து உங்களுக்குக் கண் பூத்திருக்கும். யுனெஸ்கோ எழுதுகிறது, பழைய கட்டடங்களைக் காப்பவர்கள் எழுதுகிறார்கள், தேவாலயத்துக்காரர்கள் எழுதுகிறார்கள். ஒரு மாறுதலுக்குப் பாராட்டியும் ஒன்று வரட்டுமே என்றுதான் பேனாவை எடுத்தேன்.

உங்கள் ஊர் ஒரு சதுர மைல். குடியிருப்பவர்கள் பத்தாயிரம் பேருக்கும் குறைவு. வேலைக்கு வந்து போகிறவர்கள் ஆறு லட்சத்துக்கும் மேல். அதனால் தேர்தலில் கம்பெனிகளுக்கும் ஓட்டு வைத்திருக்கிறீர்கள். மிகச் சரியான ஏற்பாடு. குடியிருப்பவனிடம் மட்டும் ஓட்டைக் கொடுத்தால் ஜன்னலில் வெயில் விழவில்லை, மணிக்கூண்டு தெரியவில்லை என்று நச்சரிப்பான். கம்பெனிக்கு வெயில் எதற்கு? அதற்கு வேண்டியது சதுர அடி.

1666-இல் ஊர் தீக்கிரையானது. அதன்பின் கிறிஸ்டோபர் ரென் 1675-இல் தொடங்கி 1710-இல் முடித்த செயின்ட் பால்ஸ் தேவாலயத்தின் உயரம் 111 மீட்டர். இரண்டு நூற்றாண்டுக்கு மேல் ஊருக்கே அதுதான் உச்சி. சம்பளம் வாங்காத ஒரு கட்டடம் இத்தனை காலம் தலைமைப் பதவியில் இருந்தது நிர்வாகத்துக்கே அழகல்ல. 1930-களில் தேம்ஸ் கரைப் பக்கம் எழுந்த ஃபாரடே பில்டிங் என்ற டெலிபோன் எக்ஸ்சேஞ்ச், தேவாலயத்தின் குவிமாடத்தை மறைத்தபோது ஊர் கொதித்தது. அந்தக் காலத்தவர்கள் உணர்ச்சிவசப்பட்டு, தேவாலயத்தைச் சுற்றிக் கட்டடங்களுக்கு உயர வரம்பு வகுத்துவிட்டார்கள்.

அந்த வரம்பு இன்றும் அமலில் இருக்கிறது. அதை நீங்கள் மீறுவதே இல்லை. உங்கள் சாமர்த்தியமே அங்கேதான் இருக்கிறது. இன்ன இடத்தில் நின்று பார்த்தால் குவிமாடம் தெரிய வேண்டும் என்று வரைபடத்தில் சில பார்வைக் கோடுகள் உண்டு. அந்தக் கோடுகளுக்குப் பாதை விட்டு, மிச்ச வானத்தில் மனை பிரித்துவிட்டீர்கள். வானத்துக்கே லே-அவுட் போட்ட நகராட்சி வேறு எது?

இந்தக் கோடுகளில் எனக்குப் பிடித்தது ரிச்மண்ட் பூங்காவின் ஹென்றி மன்னர் மேட்டில் தொடங்குகிறது. அங்கே ஹாலிச் செடி வேலியில் ஒரு துவாரம் விட்டிருக்கிறார்கள். கண்ணை வைத்தால், கிளை கழித்த மரங்களுக்கு நடுவே, பதினாறு கிலோமீட்டருக்கு அப்பால் குவிமாடம் நகம் அளவுக்குத் தெரியும். 2016-இல் பார்த்தவர்களுக்கு அதன் முதுகுக்குப் பின்னால் ஒரு புதுக் கோபுரமும் தெரிந்தது. ஸ்ட்ராட்ஃபோர்டில் எழுந்த 42 மாடிக் கட்டடம். பின்னணிக்கும் விதி உண்டு. ஆனால் அது அவ்வளவு தூரம் எட்டவில்லை. அனுமதி கொடுத்தது நீங்கள் அல்ல என்பதால் இந்தப் பெருமையில் உங்களுக்குப் பங்கில்லை. வருந்த வேண்டாம், மற்றவை எல்லாம் உங்களுடையவைதான்.

லெடன்ஹால் தெருவின் 225 மீட்டர்க் கட்டடத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஃப்ளீட் ஸ்ட்ரீட்டிலிருந்து தெரியும் குவிமாடத்துக்கு இடைஞ்சல் வரக் கூடாது என்று ஒரு பக்கம் சரிந்து நிற்கிறது. பெரியவரைக் கண்டதும் உடம்பை வளைத்து ஒதுங்குகிற மரியாதை! அந்தச் சரிவால் அதற்கு ஊரில் வழங்கும் பெயர் சீஸ் துருவி. பக்கத்தில் வெள்ளரிப் பிஞ்சு என்று பெயர் வாங்கிய 180 மீட்டர்க் கட்டடம். அந்த வெள்ளரி நிற்கும் தெருவிலேயே பன்றிக்கறி டின் என்று இன்னொன்று. இத்தனை சாமான் சேர்த்தும் அடுப்பு இல்லையே என்ற குறையை ஃபென்சர்ச் தெருவின் 'வாக்கி டாக்கி' 2013-இல் தீர்த்தது. உட்குழிந்த அதன் கண்ணாடி முகம் வெயிலைக் குவித்துத் தெருவில் இறக்க, நிறுத்தியிருந்த ஜாகுவார் காரின் பாகங்கள் உருகின. ஒரு பத்திரிகையாளர் நடைபாதையில் வாணலி வைத்து முட்டை பொரித்தார். லண்டன் வெயிலில்! மறு ஆண்டே தடுப்புத் தகடுகள் மாட்டி அடுப்பை அணைத்தது வீண் வேலை. ஆண்டின் மிக அசிங்கமான கட்டடம் என்று 2015-இல் அதற்குப் பரிசும் கிடைத்தது.

ஆனால் அதன் உச்சியில் பொதுமக்களுக்குத் தோட்டம் இருக்கிறது, இலவசம். முன்கூட்டியே பதிவு செய்து, விமான நிலையம் மாதிரி பையைச் சோதனைக்குக் கொடுத்து, லிஃப்டில் ஏறினால் ஊர் முழுவதும் தெரியும். கீழே தெருவில் சும்மா நின்று பார்த்ததை எடுத்துவிட்டு, மேலே டிக்கெட் போட்டுத் திருப்பித் தருவதற்குப் பெயர் பொதுநலம் என்று உங்களிடம்தான் கற்றுக்கொண்டேன். 2019-இல் நீங்கள் அனுமதித்த 'டியூலிப்' இன்னும் உயர்ந்த தத்துவம்: 305 மீட்டர் உயரம், ஆனால் உள்ளே ஆபீஸ் ஒன்றுகூடக் கிடையாது, ஏறி வேடிக்கை பார்ப்பதற்கே கோபுரம். 2021-இல் அரசாங்கம் அதை நிராகரித்துவிட்டது. ரசனை கெட்டவர்கள்.

அந்த ஆண்டு நீங்களும் ஒருமுறை சறுக்கினீர்கள். 1701-இல் திறந்த பெவிஸ் மார்க்ஸ் யூத ஆலயத்துக்கு வெளிச்சம் குறையும் என்று, பக்கத்தில் 48 மாடி கேட்டவர்களைத் திருப்பி அனுப்பினீர்கள். பகல் வெளிச்சத்திலும் மெழுகுவத்தியிலும் பிரார்த்தனை நடக்கிற இடம் அது. இரக்கம் ஒரு முறை வந்தால் பழக்கமாகிவிடும், ஜாக்கிரதை.

லண்டன் டவர் பற்றியும் ஒரு வார்த்தை. ஊர்மக்களை மிரட்டுவதற்கென்றே வில்லியம் மன்னர் எழுப்பிய வெள்ளைக் கோபுரம், 27 மீட்டர்தான். இன்று உங்கள் கண்ணாடிக் கூட்டம் பின்னால் நிற்க, அது மிரண்டு போய் நிற்கிறது. 1988 முதல் லண்டன் டவர் உலகப் பாரம்பரியச் சின்னம் என்பதால்தான் யுனெஸ்கோவின் கடிதங்கள். லிவர்பூலுக்கு அந்தப் பட்டம் 2021-இல் பறிபோனது. தபால்செலவு எவ்வளவு மிச்சமாகியிருக்கும்!

கோபுரங்களின் காலடியில் காற்று ஆளைத் தள்ளுகிறது என்ற புகாருக்கும் நீங்கள் செவிசாய்த்து, 2019-இல் காற்று பற்றிய வழிகாட்டி நெறிகளை வெளியிட்டீர்கள். கட்டடங்கள் முதலில் வந்துவிட்டன, நெறிகள் பின்னால் வந்தன. அவற்றைப் படித்து அடங்கி வீச வேண்டியது இனிக் காற்றின் பொறுப்பு.

2024 டிசம்பரில் அண்டர்ஷாஃப்டில் 74 மாடிக்கு ஒப்புதல் தந்த செய்தி கேட்டு மகிழ்ந்தேன். அங்கே தரையில் இருந்த சதுக்கத்தில் கொஞ்சம் போகும் என்று சிலர் அழுதார்கள். பதிலுக்குப் பதினோராவது மாடியில் தோட்டம் வருகிறதாம். சாண்ட்விச்சைப் பிரித்துச் சாப்பிட இனி லிஃப்ட் ஏறினால் போயிற்று.

ஒரே ஒரு வருத்தம். அந்தக் கட்டடம் 309 மீட்டரோடு நின்றுவிடப் போகிறது. நிறுத்தியது செயின்ட் பால்ஸும் அல்ல, டவரும் அல்ல, நீங்களும் அல்ல. விமானப் பாதுகாப்புக்காக லண்டன் நடுவே வகுத்த உச்ச வரம்பு அது. முந்நூறு வருஷக் குவிமாடத்துக்காக வளைந்து கொடுத்த உங்கள் கட்டடங்கள், நேற்று வந்த விமானத்துக்காகக் குட்டையாக வேண்டுமா? ஹீத்ரோவுக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள், பைலட்டுகள் கொஞ்சம் மேலே பறக்கட்டும்.

இப்படிக்கு,
கழுத்துச் சுளுக்கோடு தங்கள் ரசிகன்