கூவம் விதி: ஒண்டுக்குடித்தனத்தில் லாரி இன்ஜின் மீட்பு குறித்த ஓர் ஆய்வு

திருவல்லிக்கேணியைப் பற்றி இதுவரை வெளிவந்த ஆய்வுகள் பார்த்தசாரதிப் பெருமாளின் மீசையில் தொடங்கி பாரதியின் மீசை வரை அலசித் தீர்த்துவிட்டன. வாலாஜா மசூதி, ஐஸ் ஹவுஸ், மேன்ஷன்வாசிகள், ராமானுஜன் குடியிருந்த அனுமந்தராயன் கோயில் தெரு என்று எதை எடுத்தாலும் அதற்கு ஒரு நிபுணர் இருக்கிறார். ஆனால் இந்தப் பேட்டையின் ஒண்டுக்குடித்தனம் ஒன்றில், பழைய லாரி இன்ஜினைக் கையைக் கடிக்காத செலவில் மறுபடி ஓடவைக்க முடியுமா என்ற கேள்வியை மட்டும் எந்த அறிஞரும் தொடவில்லை. சேப்பாக்கத்தில், கூப்பிடு தூரத்தில் 1857இல் தொடங்கிய ஒரு பல்கலைக்கழகம் இருந்தும் இந்த நிலை.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட இன்ஜின் பெர்க்கின்ஸ் பி6. பாகப்பிரிவினையில் மனை கேட்டவருக்கு மனையும் நகை கேட்டவருக்கு நகையும் போன பிறகு, கடைசிவரை வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்த இக்கட்டுரையாளருக்கு மிச்சமாக வந்து சேர்ந்தது. ஆறு சிலிண்டர். ஒவ்வொன்றும் மூன்றரை அங்குல விட்டம். பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் ஐந்து அங்குலம். மொத்தக் கொள்ளளவு 4.7 லிட்டர். இங்கிலாந்தின் பீட்டர்பரோவில் 1932இல் கம்பெனி தொடங்கிய ஃபிராங்க் பெர்க்கின்ஸ், ஆரம்பத்தில் தம் இன்ஜின்களுக்கு நரி, ஓநாய், சிறுத்தை என்று காட்டையே பெயராக வைத்தார். அந்தக் காட்டிலிருந்து 1930களின் பிற்பகுதியில் வெளியே வந்தது பி6.

நம் ஊருக்கு அது வந்த வழி மவுண்ட் ரோடு. 1840இல் குதிரை வண்டி கட்டத் தொடங்கி, 1903இல் நீராவிக் கார் ஒன்றையும் செய்து பார்த்துவிட்ட சிம்ப்சன் கம்பெனி, 1950களில் பெர்க்கின்ஸ் இன்ஜின்களை உரிமம் பெற்றுச் சென்னையிலேயே செய்தது. பம்பாய் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸின் ஃபார்கோ, டாட்ஜ் லாரிகளில் இது உறுமியது. பெட்ரோல் லாரி வைத்திருந்த முதலாளிகள் பலர் பழைய இன்ஜினை இறக்கிப் போட்டுவிட்டு இதைப் பூட்டிக்கொண்டார்கள். 1954இல் டாடாவும் மெர்சிடிஸ் பென்ஸும் கூட்டாக ஜாம்ஷெட்பூரில் லாரி விடத் தொடங்கி, எண்ணூரிலிருந்து லேலண்ட் காமெட்டுகளும் பெருகியதும் பி6இன் ஆட்டம் மெல்ல அடங்கியது. வாலாஜா ரோடு வழியாக நடந்தே சிம்ப்சனுக்குப் போய்விடலாம் என்பதால், நமது இன்ஜின் ஊர் பூராவும் சுற்றிவிட்டுச் சொந்தப் பேட்டைக்கே திரும்பியிருக்கிறது என்று கொள்ளலாம்.

முதல் சிக்கல் இயந்திரவியலைச் சேர்ந்ததல்ல, வாசற்படியைச் சேர்ந்தது. இன்ஜினின் எடை ஏறக்குறைய அரை டன். வீட்டு நடையின் அகலம், குடையோடு ஒருவர் வந்தால் எதிரே வருபவர் திண்ணையில் ஏறி நின்று வழிவிட வேண்டிய அளவு. செயின் பிளாக் கட்டித் தூக்கலாம் என்பார்கள் ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவர்கள். எதில் கட்டுவது? தேக்கு உத்திரத்தின்மேல் செங்கல்லும் சுண்ணாம்புமாகப் போட்ட மெட்ராஸ் டெரஸ் தளம் அது. வீட்டுக்காரர் உத்திரத்தை ஒருமுறையும் கட்டுரையாளரை ஒருமுறையும் பார்த்துவிட்டு, "சார், வாடகை ஏத்தாம இருக்கேன்னு இப்படியா?" என்று மட்டும் கேட்டார். எனவே மீன்பாடி வண்டியில் வந்த இன்ஜின் தெருவிலேயே பிரிக்கப்பட்டு, ஹெட் தனியாக, கிராங்க் தனியாக, பிளாக் தனியாக உள்ளே போயிற்று. முழுதாக நுழையாதது பகுதியாக நுழையும் என்பது இவ்வாய்வின் முதல் துணை முடிபு.

பிரிக்கும் முன் ஒன்று. பல வருஷம் சும்மா கிடந்த இன்ஜின் பிடித்துக்கொண்டிருக்கும். பிஸ்டன் ரிங்கும் சிலிண்டர் சுவரும் துருவால் ஒன்றாகிவிடும். நாசிலைக் கழற்றி, அந்த ஓட்டை வழியே டீசலும் ஆயிலும் கலந்து ஊற்றி, ஊறவிட்டுச் சும்மா இருக்க வேண்டும். சும்மா இருப்பதுதான் கடினம். தெருவில் போகிற எல்லோரும் சுத்தியலைத்தான் சிபாரிசு செய்வார்கள். ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவர் தம் வீட்டுச் சுத்தியலையே கொண்டுவந்து கொடுத்தார். வாங்கி வைத்துக்கொள்ளலாம், அடிக்கக் கூடாது. அடித்தால் பிஸ்டன் உடையும், ரிங் நொறுங்கும், பட்ஜெட் அன்றே முடியும்.

பிரிப்பதற்கான இலக்கணத்தை மரபு வழியில் நூற்பாவாகவே தருகிறோம்:

கழற்றிய வரிசை எழுதா தவர்க்குப்
பூட்டிய பின்னும் போல்ட்டு மிஞ்சும்.

இதன் பொருள் வெளிப்படை. ஹெட் நட்டுகளை ஓரத்திலிருந்து நடுவை நோக்கிச் சிறிது சிறிதாகத் தளர்த்த வேண்டும். பூட்டும்போது நடுவிலிருந்து ஓரத்துக்கு. மாறிச் செய்தால் ஹெட் வளையும். ஸ்பேனர் விஷயத்தில் இன்னொரு கண்ணி உண்டு. அந்தக் காலத்து ஆங்கிலேய இன்ஜின்களுக்குரிய விட்வொர்த் ஸ்பேனரில் பொறித்திருக்கும் அளவு நட்டின் தலையை அளந்ததல்ல, போல்ட்டின் தண்டை அளந்தது. அரை அங்குலம் என்று எழுதியிருப்பதன் வாய் அரை அங்குலத்தைவிட நன்றாகவே பெரிதாக இருக்கும். நம் நாடு 1956இல் மெட்ரிக் அளவுக்குச் சட்டம் போட்டும் இந்த நட்டுகளுக்கு யாரும் தகவல் சொல்லவில்லை.

இனி கட்டுரையின் மையக் கருதுகோள்.

திருவல்லிக்கேணியிலிருந்து உதிரிபாகம் தேடிக் கிளம்புபவர் முதலில் அடைவது ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு. அங்கே கண்ணாடிக் கவுண்டர், பில் புத்தகம், அட்டைப் பெட்டி. பாக நம்பர் கேட்பார்கள். அங்கிருந்து மவுண்ட் ரோட்டைத் தாண்டி, ஹாரிஸ் பாலத்தில் கூவத்தைக் கடந்தால் புதுப்பேட்டை. அங்கே பாக நம்பர் கிடையாது, பில்லும் அநேகமாகக் கிடையாது. இரண்டு பக்கமும் அக்குவேறு ஆணிவேறாகப் பிரிக்கப்பட்ட வண்டிகளின் கை கால்கள். இரு கரைகளையும் ஒப்பிட்டதில் புலப்பட்டதே கூவம் விதி: கூவத்தைக் கடக்கும்போது பாகத்தின் விலை சரிகிறது, அது பொருந்துவதற்கான வாய்ப்பும் அதே வேகத்தில் சரிகிறது.

ராக்கர் கவர் ஒன்றுக்காகப் போனபோது நிகழ்ந்த உரையாடல் களஆய்வுச் சான்றாக இங்கே பதிவாகிறது.

"இன்னா சார், எந்த வண்டி?"

"ஃபார்கோ. பி6."

"அது எங்க நைனா காலத்து ஐட்டம் சார். சாம்பிள் கீதா?"

பையிலிருந்த உடைந்த கவரை எடுத்துக் கொடுத்ததும் கடைக்காரர் அதைத் தராசில் வைக்கவில்லை. கையில் ஒருமுறை தூக்கி இறக்கினார். பிறகு இன்ஜின் குவியலில் ஏறி, எதையும் தேடாமல், நேராக ஓரிடத்தில் கைவிட்டு ஒன்றை உருவினார். பொருந்தியது. எந்த நூலகத்தின் அட்டவணையும் இவ்வளவு விரைவாக இக்கட்டுரையாளருக்கு உதவியதில்லை.

விதிக்கு விலக்குகள் உண்டு. பணத்தை விடுவதும் மிச்சம் பிடிப்பதும் இங்கேதான் தீர்மானமாகிறது. மேனிபோல்டு, ஆயில் சம்ப், ஃப்ளைவீல், புல்லி முதலான வார்ப்பிரும்புச் சமாச்சாரங்களை விரிசல் பார்த்து அக்கரையில் தாராளமாக வாங்கலாம். ஹெட் கேஸ்கெட், பிஸ்டன் ரிங், பேரிங் ஷெல் மூன்றையும் பழசாக வாங்குவது தற்கொலை. கேஸ்கெட் ஒருமுறை நசுங்கினால் நசுங்கியதுதான். பேரிங் ஷெல் வேறொரு கிராங்க்கோடு தேய்ந்து பழகியது. நம் கிராங்க்கை அதற்குப் பிடிக்காது. புதிதாகவே தேட வேண்டும். 1949இல் இந்தியா பிஸ்டன்ஸும் 1951இல் பெங்களூரில் மைகோவும் தொடங்கி, பிஸ்டனையும் டீசல் பம்பையும் இந்த நாட்டிலேயே செய்யத் தலைப்பட்டதன் புண்ணியம், பழைய ஸ்டாக் இன்னும் ஏதாவது ஒரு அலமாரியின் மேல்தட்டில் தூங்குகிறது. பழைய கேஸ்கெட்டுகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். அதை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் தூசி கிளப்பாமல், நனைத்துச் சுரண்ட வேண்டும். சிக்கனம் நுரையீரல்வரை போகக் கூடாது.

கிராங்க்கை மட்டும் வீட்டில் வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. லேத் பட்டறையில் மைக்ரோமீட்டர் வைத்து ஒவ்வொரு ஜர்னலையும் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு முறை அளப்பார்கள். எரிபொருள் வெடித்து அழுத்துவது எப்போதும் ஏறக்குறைய ஒரே பக்கத்தில் என்பதால் வட்டம் முட்டையாகியிருக்கும். "பத்து தவ் எடுத்துடலாம்" என்பார் பட்டறைக்காரர். ஓர் அங்குலத்தை ஆயிரமாகக் கூறுபோட்டு அதில் பத்து, கால் மில்லிமீட்டர். அதற்கேற்பப் பத்து தவ் ஷெல் போட வேண்டும். அடுத்த தடவை இருபது, பிறகு முப்பது. அதற்கு மேலும் இழைத்தால் கிராங்க்கின் உறுதி சந்தேகத்துக்குரியது. இந்தக் கூலியில் பேரம் பேசுபவரைப் பற்றி இவ்வாய்வு கடுமையான கருத்துக் கொண்டுள்ளது.

வீட்டிலேயே உயர்தரமாக முடியக்கூடிய வேலை வால்வு தேய்ப்பது. மொத்தம் பன்னிரண்டு வால்வு. அமர்வு விளிம்பில் கிரைண்டிங் பேஸ்ட் தடவி, ரப்பர் பிடி வைத்த குச்சியை வால்வில் ஒட்டி, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே முன்னும் பின்னும் உருட்டி, நடுநடுவே தூக்கித் திருப்பி வைக்க வேண்டும். மங்கலான சாம்பல் நிற வளையம் அறுபடாமல் சுற்றிவர விழுந்தால் வேலை முடிந்தது. சந்தேகமிருந்தால் போர்ட்டில் டீசல் ஊற்றிக் கசிகிறதா என்று பார்க்கலாம். மெக்கானிக்குகள் திணறும் இந்த வேலையில் சிறந்து விளங்கியவர், லாரியை ஜன்னல் வழியாக அன்றிப் பார்த்தே இராத எதிர்ப்போர்ஷன் மாமி. வெண்ணெய் கடைந்து பழகிய கை. "இவ்வளவுதானா? இதுக்கா ஊரைக் கூட்டினே?" என்றார். பேஸ்ட் முழுவதையும் துடைத்துக் கழுவிவிட வேண்டும் என்று சொல்லத் தேவையிருக்கவில்லை. பாத்திரம் கழுவுகிறவர்களுக்கு அது தெரியும்.

வெடிக்கும் வரிசை 1-5-3-6-2-4. வரிசையாக ஆறு சிலிண்டர் நிற்கும் இன்ஜின்கள் பெரும்பாலானவற்றுக்கும் இதே கணக்கு. பந்தியில் பக்கத்து இலைக்குப் போகாமல் இந்தக் கோடியிலும் அந்தக் கோடியிலும் மாறி மாறிச் சாம்பார் ஊற்றுகிற பரிமாறலை நினைத்துக்கொண்டால் மறக்காது. கிராங்க் ஒரே பக்கம் உதை வாங்கி முறுக்கிக்கொள்ளக் கூடாது என்பதற்கான ஏற்பாடு.

சட்ட நிலை பற்றி ஒரு வார்த்தை. 2021இல் வந்த விண்டேஜ் வாகன விதிகளின்படி 50 வயது கடந்த, வணிகத்துக்குப் பயன்படாத வாகனத்துக்கு 20,000 ரூபாய் கட்டணத்தில் 'விஏ' எழுத்தோடு தனி எண் கிடைக்கும். அந்த விதி பேசுவது இருசக்கர, நான்கு சக்கர வாகனங்களை. நம்மிடம் இருப்பது பூஜ்ஜியச் சக்கரம்.

இறுதிச் சோதனைக்கு இன்ஜின் மறுபடி தெருவுக்கு வந்து, மரச்சட்டத்தில் இறுகப் பூட்டப்பட்டது. பேட்டரி இரவல். தண்ணீர் மெட்ரோ வாட்டர். பேட்டையின் போர் தண்ணீர் கடலுக்குச் சொந்தக்காரன், பிளாக்கை உள்ளிருந்தே தின்னும். ஃபில்ட்டரிலும் பம்பிலும் ப்ளீடர் திருகைத் தளர்த்தி, குமிழி நின்று டீசல் சுத்தமாக வழியும்வரை கையால் பம்ப் அடித்துக் காற்று எடுத்தாயிற்று. செல்ஃப் போட்டதும் இருமியது. காற்றை ஏறக்குறைய 16 மடங்கு நசுக்கி, 500 டிகிரிக்கு மேல் சூடேற்றி, அந்தச் சூட்டிலேயே டீசலைப் பற்றவைக்கிற ஜாதி; குளிர்ந்து கிடந்தால் முதலில் எரியாத டீசல்தான் வெள்ளைப் புகையாக வரும். நீலம் வந்தால் ரிங் வழியாக ஆயில் எரிகிறது, கறுப்பு வந்தால் பம்பை காலிபரேஷனுக்கு அனுப்ப வேண்டும். வந்தது வெள்ளை. மூன்றாம் முறை ஆறு சிலிண்டரும் சேர்ந்து பிடித்துக்கொண்டன. ஆய்வு வெற்றி. தெரு முழுக்க ஜன்னல்கள் படபடவென்று சாத்தப்பட்டன, மாடியிலிருந்து மாமியின் குரல் மட்டும் கேட்டது: "கார்ப்பரேஷன்காரா கொசு மருந்து அடிக்கறா, துணியை எடுங்கோ!"