பின்னுக்கு நிற்கிற இரண்டு பேர்

எங்கள் கழகத்தின் பதிவுப் புத்தகத்தில் பயிற்றுவிப்பாளர் என்ற இடத்தில் ஒரு பெயர்தான் இருக்கிறது. அது என் பெயர். ஆனால் கல்முனைக் கடற்கரைக்கு அஸர் தொழுகை முடிந்த கையோடு வந்து பாருங்கள். மஃரிபுக்குப் பாங்கு சொல்லும் வரைக்கும் அந்த மணலில் குறைந்தது 15 கோச்மார் நிற்பார்கள். வலை பொத்துகிறவர், ஆட்டோவை ஓரங்கட்டிவிட்டு வந்தவர், மத்திய கிழக்கில் பத்து வருசம் இருந்து அங்கே டீவியில் எல்லா மெட்சும் பார்த்து முடித்தவர். அவர்கள் சொல்வதையெல்லாம் ஒரு காதால் வாங்கி மறு காதால் விட்டுவிடலாம். ஹாஜியார் சொல்வதை மட்டும் அப்படி விட முடியாது. பந்து அவருடையது.

கதையே பந்தில்தான் தொடங்கியது. நாலு வருசத்துக்கு முன்னர் எங்கள் பந்து தோல் உரிந்து, உரித்த தேங்காய் மாதிரி ஆகிவிட்டது. பிரதான வீதியில் இருக்கும் அவருடைய புடவைக்கடைக்குப் போய் இரண்டு பொடியன்கள் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்கள். காசை எடுத்து நீட்டினார். அடுத்த மாதம் கோலுக்கு வலை. அதற்கடுத்த மாதம் போஷகர் பதவி. ஜேர்ஸி வந்த அன்று அவர் பேச்சில் ஒரு சின்ன மாற்றத்தைக் கவனித்தேன். அதுவரைக்கும் "எங்கட டீம்" என்று சொல்லிக்கொண்டிருந்தவர், "என்ட டீம்" என்றார். 'எங்கட'வுக்கும் 'என்ட'வுக்கும் நடுவில் ஒரு செட் ஜேர்ஸிதான் தூரம்.

அந்த ஜேர்ஸியைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. எங்கள் நிறம் நீலம். கடலுக்குப் பக்கத்தில் விளையாடுகிறவர்கள் வேறு என்ன நிறம் போடுவார்கள்? ஹாஜியாரின் கடையில் பெருநாளைக்கென்று எடுத்து விலைப்படாமல் போன கத்தரிப்பூ நிறத் துணி மூன்று கட்டுக் கிடந்தது. சல்வார் துணி. அதை அவருடைய தையல்காரரே வெட்டித் தைத்தார். இழுத்தால் நீளாத துணி. முதல் நாள் பயிற்சியிலேயே கோல் கீப்பர் மேலே எம்பிப் பந்தைப் பிடிக்கப் போனான். அக்குளில் 'சர்ர்' என்றது. ஹாஜியாரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். கிழிசலுக்குள் விரலை விட்டுப் பார்த்தார், தையலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"கைய ஒசத்தாமப் புடிக்கப் பழக்குங்க மருமகன்."

மலேசியப் பணக்காரர் வின்சென்ட் டான் 2012இல் வேல்ஸ் நாட்டுக் கார்டிஃப் சிட்டிக்குச் செய்த வேலையைப் படித்தபோது எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தது. அந்தக் கழகத்துக்கு நூறு வருசத்துக்கும் மேலாக நீல நிறம். செல்லப்பெயரே நீலப்பறவைகள். டான் வந்து சிவப்புத்தான் ராசி என்று ஜேர்ஸியைச் சிவப்பாக்கினார். அடுத்த வருசம் அணி பிரீமியர் லீக்குக்கு ஏறியது. ஏற்றிவிட்ட கோச் மல்கி மெக்கேயை அந்த டிசம்பரிலேயே வீட்டுக்கு அனுப்பினார். 2014இல் அணி இறங்கியது. 2015 ஜனவரியில்தான் ரசிகர்கள் கத்திக் கத்தி நீலத்தை மீட்டார்கள். எங்கள் பக்கம் அப்படி மீட்க வழியில்லை. துணி இன்னும் ஒன்றரைக் கட்டு இருக்கிறது.

சட்டை போகட்டும். ஆட்டத்தில் அவர் கண் நேரே போய் நிற்பது பின்னுக்கு நிற்கிற இரண்டு பேரில். எங்கள் அணி எதிரணியின் கோலைச் சுற்றிக்கொண்டிருக்கும்போது, இந்தப் பக்கம் தடுப்பாளர் இரண்டு பேர் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நிற்பார்கள் இல்லையா, அதைக் கண்டால் அவருக்கு இரத்தம் கொதிக்கும். நாற்பது வருசம் கடை நடத்தியவர். ஆள் வராத நேரத்திலும் வேலையாளைச் சும்மா நிற்க விடமாட்டார், மடித்த சாரத்தையே உதறித் திரும்ப மடிக்கச் சொல்வார்.

"அந்த ரெண்டு பேரும் என்ன செய்யிற?"

"காவல் நிக்கிற மாமா."

"பந்து அங்க கிடக்கு, இஞ்ச எதுக்குக் காவல்? முன்னுக்குப் போகச் செல்லுங்க."

முன்னுக்குப் போனால் ஓஃப்சைட் ஆகலாம் என்று விளங்கப்படுத்தினேன். கடையின் பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் படம் கீறிக்கூடக் காட்டினேன். பொறுமையாகத்தான் கேட்டார். கடைசியில், "முன்னுக்கு நிண்டா குத்தமா? என்ட கடையில முன்னுக்கு நிக்கிறவன்தான் வியாபாரம் செய்யிற" என்றார். அதற்குப் பதில் எந்தப் பயிற்சிப் புத்தகத்திலும் இல்லை.

இடைவேளையில் தோடம்பழம் அவர் செலவு. அதையும் வேறு யாரும் தொடக் கூடாது. கதிரையில் இருந்தபடி, பெருவிரல் நகத்தால் தோலை அறாமல் ஒரே நாடாவாகச் சுழற்றி எடுத்து, சுளை சுளையாகப் பிரித்து ஒவ்வொருவன் கையிலும் வைப்பார். ஓடியவனுக்கு முழுப் பழம். பின்னுக்கு நின்ற இரண்டு பேருக்கும் பாதிப் பாதி.

தான் செய்த தொழிலின் கண்ணால் பந்தைப் பார்க்கிற வருத்தம் கல்முனையில் மட்டும் உள்ளதல்ல. புனேயின் கோழி வியாபாரக் குடும்பமான வெங்கீஸ் 2010 நவம்பரில் இங்கிலாந்தின் பிளாக்பேர்ன் ரோவர்ஸை வாங்கியது. அடுத்த மாதமே சாம் அலர்டைஸை நீக்கினார்கள். அப்போது அணி பட்டியலில் 13ஆம் இடம், பெரிய அழிவு ஒன்றுமில்லை. பிறகு ரொனால்டினோ வருவார், பெக்காம் வருவார் என்று பேச்சு நடந்தது. வந்தது கோழி விளம்பரம். உடை மாற்றும் அறையில் வீரர்கள் உட்கார்ந்து கோழிக்கால் கடிக்கிறார்கள். 2012 மே மாதம் அணி பிரீமியர் லீக்கிலிருந்து விழுந்த அந்த மெட்சில், கழகக் கொடி போர்த்திய உயிர்க்கோழி ஒன்றை ரசிகர்கள் மைதானத்துக்குள் விட்டார்கள். அதற்குப் பிறகும் தெளியவில்லை. ஹென்னிங் பேர்க் என்ற கோச்சுக்குக் கிடைத்தது 57 நாள். அவருக்குப் பின் வந்த மைக்கல் அப்பிள்டனுக்கு 67 நாள். கோழிக்கடை வைத்திருக்கும் எங்கள் கோல் கீப்பருக்கு இந்தக் கதை பிடிக்கும். 57 நாளில் ஒரு இறைச்சிக்கோழி வளர்ந்து, விற்று, அடுத்த குஞ்சும் இறக்கிவிடலாம் என்றான்.

எங்கள் பக்கத்துப் போடியார்மார் இந்த விசயத்தில் தெளிவானவர்கள். வயல் போடியாருடையது, விதை நெல்லும் அவருடையது, உழவுக்கூலியும் அவருடையது. ஆனால் வரம்பில் நின்று வேலையை நடத்துகிறவன் முல்லைக்காரன். என் வாப்பாவின் மாமா ஒருவர் முல்லைக்காரனாக இருந்தவர். தண்ணீரை எப்போது மறிப்பது, எப்போது வடிப்பது என்று போடியார் வாய் திறந்தால், மனிசன் மண்வெட்டியை எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டு வாடிக்குப் போய்ப் படுத்துவிடுவாராம். மண்வெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு போடியார் எவ்வளவு நேரம்தான் வரம்பில் நிற்பார்? நானும் ஒருநாள் விசிலை எடுத்து ஹாஜியார் கையில் கொடுத்துப் பார்த்தேன். அவர் ஊதத் தொடங்கிவிட்டார்.

வெளியாள் தலையிட்டால் ஃபிஃபா சும்மா இருக்காது என்பது இலங்கைக்காரருக்குப் புதிதல்ல. 2023 ஜனவரியில் மூன்றாம் தரப்புத் தலையீடு என்று சொல்லி நம் நாட்டுச் சம்மேளனத்தையே தடை செய்தார்கள், தடை நீங்க ஆகஸ்ட் ஆனது. அந்த ஃபிஃபாக்காரர் ஒருவர் வழிதவறி எங்கள் கடற்கரைத் தேத்தண்ணிக் கடைக்கு வந்து ஒரு பிளேன்டீ குடித்து முடிப்பதற்குள், மூன்றாம் தரப்பு, நாலாம் தரப்பு, பதினேழாம் தரப்பு வரைக்கும் எண்ணிவிடுவார்.

இனிப் பேரன் கதை. ஹாஜியாருடைய மூத்த மகளின் மகன், உயர்தரம் படிக்கிற நல்ல பிள்ளை. அவனை முன்கள வீரனாகப் போட வேண்டும் என்பது ஹாஜியாரின் ஆசை. நடுக்களத்திலும் போடலாம் என்பது இன்னொரு ஆசை. பிள்ளைக்கு இரண்டும் இல்லை. ஒருநாள் இருட்டுப்பட்ட நேரம் என் சைக்கிளுக்குப் பக்கத்தில் வந்து நின்று, "சாச்சா, என்னப் போட்டுடாதீங்க. எனக்குப் பிஸிக்ஸ் டியூசன் இரிக்கி" என்று கெஞ்சினான். அவனைக் காப்பாற்றத்தான் நான் இத்தனை நாள் கெட்டவனாக நிற்கிறேன் என்பது இந்த ஊரில் அவனுக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த இரகசியம்.

போன கச்சான் காற்றுக் காலத்தில் நிந்தவூர்ப் பக்கத்து அணி ஒன்றோடு அரையிறுதி. முதல் பாதியில் காற்றுக்கு எதிர்ப்பக்கம் எங்களுக்கு. அடித்த பந்து அடித்தவனிடமே திரும்பி வருகிற காற்று. அப்படியிருந்தும் பூச்சியத்துக்குப் பூச்சியம் என்று இழுத்துப் பிடித்துவிட்டோம், அந்த இரண்டு பேரின் புண்ணியத்தில். இரண்டாம் பாதியில் கச்சான் எங்கள் முதுகில். பந்தை நிலத்தோடு வைத்து விளையாடுங்கள், ஒரு கோல் போதும் என்று சொல்லி அனுப்பினேன். கடைசிப் பத்து நிமிடம். எதிரணி முழுவதும் தங்கள் கோலடியில் குவிந்து கிடந்தது. அப்போது கோட்டுக்கு வெளியே ஒரு சின்னப் பொடியன் ஓடியதைக் கண்டேன். கையில் கடைப் பில் துண்டு. அதை வாங்கி வாசித்த தடுப்பாளர் இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். பிறகு குடையின் கீழ் இருந்த ஹாஜியாரைப் பார்த்தார்கள். பிறகு குனிந்து தங்கள் காலில் இருந்த பூட்ஸைப் பார்த்தார்கள், அதுவும் அவர் வாங்கிக் கொடுத்தது. போய்விட்டார்கள், முன்னுக்கு.

எதிரணிக்காரன் ஒருவன் கண்ணை மூடிக்கொண்டு பந்தை வெளுத்தான். கச்சான் அதை நடுவழியில் மறித்து, நடுக்கோட்டுக்கு இந்தப் பக்கம், ஒரு குருவியும் இல்லாத இடத்தில் பொத்தென்று போட்டது. அவர்களுடைய கட்டைப் பொடியன் ஒருவன் மட்டும் அதன் பின்னால் ஓடினான். எங்கள் கீப்பர் தனியே நின்றான். பந்து தலைக்கு மேலால் வந்தது. கையை உயர்த்தினான். சர்ர்.

மெட்ச் முடிந்ததும் ஹாஜியார் குடையை மடக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். முகத்தில் உண்மையான துக்கம்.

"பாத்தீங்களா மருமகன், பின்னுக்கு ஒருத்தனும் இல்ல. ஒரு ரெண்டு பேரயாவது விட்டிருக்கலாமே."

அன்றிரவு இராஜினாமாக் கடிதம் எழுதினேன். எழுதும்போது செல்சியின் முன்னாள் முதலாளி அப்ரமோவிச்சும் கோச் மொரீனியோவும் நினைவுக்கு வந்தார்கள். இரண்டு லீக் கிண்ணம் வென்று கொடுத்த மொரீனியோ 2007 செப்டெம்பரில் நட்டஈட்டோடு வெளியேறினார், 2013இல் திரும்பி வந்தார், 2015 டிசம்பரில் திரும்பவும் அனுப்பப்பட்டார். இத்தாலியில் பலெர்மோவின் முதலாளியாக இருந்த சம்பரினிக்குப் பட்டப்பெயரே 'கோச் தின்னி'. 2011 பெப்ரவரியில் சொந்த மண்ணில் ஏழுக்குப் பூச்சியம் என்று தோற்றதும் டெலியோ ரோசியைத் துரத்தினார், ஐந்து வாரம் போனதும் அதே மனிசனைத் திரும்பக் கூப்பிட்டார். அந்தக் கோச்மாருக்கெல்லாம் ஒரு வசதி. கோபித்துக்கொண்டு போக ஒரு வீடு இருக்கிறது. எங்கள் பக்கம் வீடு பெண்ணுக்கு, மாப்பிள்ளைதான் பெட்டியோடு வந்து ஏறுகிறவன். நான் இருக்கிற வீட்டை மாமனார் கட்டினார். கூரைக்குக் காசு கொடுத்தது மாமனாரின் காக்கா. அவர்தான் ஹாஜியார். அவர் போட்ட கூரையின் கீழே இருந்துதான் அவருக்கு இராஜினாமா எழுதினேன்.

பேரனிடம் கொடுத்து அனுப்பினேன். மூன்று நாள் சத்தமில்லை. மனைவி சோற்றுக் கோப்பையை வழக்கத்தைவிட ஒரு சாண் தள்ளி வைத்தாள், அவ்வளவுதான். நாலாம் நாள் மஃரிபுக்குப் பள்ளியில் ஸஃப்பில் நின்றேன். யாரோ வந்து தோளோடு தோள் சேர்ந்து நின்றார்கள். அத்தர் வாசமே ஆளைச் சொன்னது. தொழுகை முடிந்து ஸலாம் கொடுக்க வலப்பக்கம் திரும்பினேன். ஹாஜியாரின் முகம். வாயில் ஸலாத்தைச் சொல்லிக்கொண்டு மனதில் இராஜினாமாவை வைத்திருப்பது எப்படி என்று எனக்கு விளங்கவில்லை.

வீட்டுக்கு வந்தபோது மேசையில் மூடிவைத்த பாத்திரம் ஒன்றில் வட்டிலப்பம் இருந்தது. ஹாஜியார் வீட்டிலிருந்து வந்ததாம். பாத்திரத்தின் அடியில் நாலாக மடித்த கடதாசி, என்னுடைய கடிதம். கையெழுத்து வைத்து ஏற்றுக்கொண்டுவிட்டார் போலும் என்று நெஞ்சு ஒருதரம் அடித்தது. பிரித்தேன். நான் எழுதிய பக்கத்தில் ஒரு கீறலும் இல்லை. பின்பக்கத்தில், பில் எழுதி எழுதிப் பழகிய சாய்வெழுத்தில், வெள்ளிக்கிழமை மெட்சுக்கான அணி.

பின்னுக்கு இரண்டு பேர் சரியாக இருந்தார்கள். நம்ப முடியாமல் மேலிருந்து கீழே எண்ணினேன். பன்னிரண்டு. கீழிருந்து மேலே எண்ணினேன். பன்னிரண்டேதான். யாரை வெட்டுவது என்று பேனையோடு உட்கார்ந்த பிறகுதான் கண்டேன், நடுக்களத்தில் ஒன்று, முன்களத்தில் ஒன்று என்று பேரனின் பெயர் இரண்டு தடவை இருந்தது.