குவளையும் கையுமாக ஒருவர்

அக்டோபர் நடுப்பகுதியில் ரொறன்ரோவில் உறைபனி எட்டிப்பார்க்கத் தொடங்கியதும், ஸ்காபரோ, மார்க்கம் பக்கத்துத் தமிழ் வீடுகளில் சுகம் விசாரிக்கும் முறை கொஞ்சம் மாறிவிடும். "சுகமா இருக்கிறியளோ?" என்பதற்கு அடுத்த கேள்வி, "கறிவேப்பிலையை உள்ளுக்க எடுத்திட்டியளோ?" பிள்ளைகள் மூன்றாவதாகத்தான் வருவார்கள். இந்தக் கேள்வியை ஊர் முழுக்கக் கேட்டுக்கொண்டிருப்பவர்தான் நம் நாயகர். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். தலையில் கம்பளித் தொப்பி, காலில் இரண்டு சோடி காலுறை, கையில் எப்போதும் ஒரு பிளாஸ்டிக் குவளை. கோடை முழுக்கக் கொல்லையில் வெண்டியும் பயித்தையும் வளர்த்த கை அல்லவா, நவம்பரில் சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. தெற்குப் பார்த்த சன்னலோரம் கறிவேப்பிலைக்குப் போய்விட்டது. அங்கிருந்த சோபா மூலைக்குத் தள்ளப்பட்டது. கறிவேப்பிலைக்குப் பக்கத்தில் துளசி, அடுத்து மல்லிகை. டிசம்பரில், மகளுக்கு வேலையிடத்தில் கொடுத்த பாயின்செட்டியா ஒன்று பளபளக்கும் தாளைச் சுற்றிக்கொண்டு வந்து சேரும். மார்ச் பிறக்கும்போது இந்த வரிசையில் பாதி இருக்காது. "குளிர் கொண்டுபோட்டுது" என்று மனிதர் பெருமூச்சு விடுவார். குளிர்மேல் வீண்பழி. அந்தச் செடிகளைக் கொன்றது அவருடைய விருந்தோம்பல்.

வெளியே என்ன நடந்தாலும் வீட்டுக்குள் வெப்பம் 20 பாகைக்கு மேல்தான் இருக்கிறது. அங்கே செடியைக் கொல்லும் குளிருக்கு இடமே இல்லை. குறைவது வெளிச்சம். டிசம்பர் பிற்பகுதியில் அந்த ஊரில் பகல் ஒன்பது மணி நேரம்கூட முழுசாக இல்லை. அதிலும் வானம் மூடிக்கிடக்கும் நாட்களே அதிகம். வெளிச்சம் குறைந்தால் இலை சமைப்பது குறையும், வளர்ச்சி நிற்கும், வேர் குடிப்பதும் குறையும். கறிவேப்பிலை கிட்டத்தட்டத் தூங்கிவிடும். தூங்குகிறவர் வாயில் யாராவது தேநீர் ஊற்றுவார்களா? இவர் ஊற்றுவார். மண்ணின் இடுக்குகளில் இருந்த காற்றைத் தண்ணீர் வெளியே தள்ள, மூச்சுவிட வழியில்லாத வேர் அழுகும். அழுகிய வேரால் தண்ணீரை மேலே ஏற்ற முடியாது. ஆகவே இலை வாடும். வாடிய இலையைக் கண்டதும், "ஐயோ, விடாய்ச்சுப் போச்சு" என்று இன்னொரு குவளை. யாழ்ப்பாணத்துச் செம்மண்ணில், ஊற்றிய தண்ணீர் சுண்ணக்கல்லுக்குள் சட்டென்று இறங்கிவிடும் ஊரில், வாடினால் ஊற்று என்பது சரியான பாடம். ஸ்காபரோவின் சன்னலோரப் பிளாஸ்டிக் சாடிக்கு அது ஒத்துவரவில்லை. "காணும், காணும்" என்று விருந்தாளி மறித்த பிறகும் ஒரு கரண்டி போட்டால்தான் அது விருந்து என்று வளர்ந்தவர் இவர். விருந்தாளிக்கு இலையை மூடத் தெரியும். செடிக்கு இலையை உதிர்க்க மட்டுமே தெரியும்.

பாயின்செட்டியா விஷயத்தில் இந்த உபசாரம் உச்சிக்குப் போகிறது. மெக்சிகோவில் ஆளைவிட உயரமாக வளரும் புதர் அது; அங்கே அமெரிக்காவின் முதல் தூதராக இருந்த பாயின்செட் 1820களில் தன் நாட்டுக்கு அனுப்பிவைத்ததால் அவர் பெயர் ஒட்டிக்கொண்டது. சிவப்பாக இருப்பது பூ இல்லை, நிறம் மாறிய இலை. பூ என்பது நடுவில் இருக்கும் மஞ்சள் பொட்டுகள். சாடியைச் சுற்றிய பளபளப்புத் தாள் தண்ணீரை ஒரு சொட்டு வெளியே விடாது. அதில் ஓட்டை போட்டாலே செடி பிழைக்கும். "வடிவா இருக்கிறதை ஏன் கிழிப்பான்?" என்று இவர் கிழிக்க விடமாட்டார். அப்படியும் தப்பிப்பிழைத்த செடிக்கு அடுத்த அக்டோபரில் பெரிய சோதனை வரும். இலை மறுபடி சிவக்க, இரண்டு மாதத்துக்கும் மேலாகத் தினமும் 14 மணி நேரம் இடைவிடாத இருட்டு வேண்டும். தெருவிளக்கு எட்டிப்பார்த்தாலும் காரியம் கெடும். இதை யாரோ சொல்லக் கேட்டு, மாலை ஐந்து மணிக்குச் செடியை மனைவியின் சேலை அலமாரிக்குள், காஞ்சிபுரங்களுக்குக் கீழே கொண்டுபோய் வைப்பார். அதுவரை எல்லாம் சரி. ஒன்பது மணிக்கு மனம் கேட்காது. "பாவம், இருட்டுக்குள்ள" என்று விளக்கைப் போட்டுக் கதவைத் திறந்து பார்ப்பார், கையில் குவளையோடு. டிசம்பரில் செடி அப்பழுக்கில்லாத பச்சையில் நிற்கும். அதேநேரம் மனைவி எப்போதோ பேஸ்மென்ட் சன்னலில் வைத்து மறந்துபோன கிறிஸ்மஸ் கள்ளி, யாரும் கேளாமல் மொட்டுவிட்டுப் பூத்திருக்கும். மறதியோடு சேர்ந்து அதற்குக் கிடைத்தவை, குளிர்ந்த இரவுகளும் நீண்ட இருட்டும். அதற்குப் பிடித்தவையும் அவைதான்.

சூடாக்கி ஊதும் காற்று ஈரத்தை உறிஞ்சிவிடுகிறதே, ஊற்றாமல் எப்படி என்று கேட்பார்கள். உண்மைதான், இலை ஓரம் கருகும், சிலந்திப்பேன் வரும். ஆனால் காய்ந்திருப்பது காற்று. அதற்கு மண்ணை நனைத்து என்ன பயன்? சூடான காற்று வரும் வாயிலுக்கு எதிரே இருக்கும் சாடியைத் தள்ளி வைத்து, இலைகளின் அடிப்பக்கத்தைக் கழுவிவிட்டால் போதும். பக்கத்து வீட்டில் தினமும் ஊற்றியும் கறிவேப்பிலை தளதளவென்று இருக்கிறதே என்றால், அந்த வீட்டில் செடிக்கென்று விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். வெளிச்சம் உள்ள செடி குடிக்கும். தண்ணீரே காட்டாமல் கொல்லுகிறவர்களும் இருக்கிறார்கள்தான். ஆனால் காய்ந்த செடி பெரும்பாலும் ஒரு தடவை மன்னிக்கும். அழுகிய வேர் மன்னிப்பது அபூர்வம்.

கனமான ஆட்சேபம் வேறொன்று இருக்கிறது. கறிவேப்பிலை தமிழ்க் கடையில் பொதி பொதியாகக் கிடைக்கிறது. ரசத்துக்காக யாரும் சோபாவை நகர்த்துவதில்லை. பிள்ளைகள் வேலைக்குப் போய்விட்ட வீட்டில், மாலை ஐந்துக்கே இருட்டிவிடும் மாதங்களில், "சாப்பிட்டியா?" என்று கேட்க அவருக்கு யாராவது வேண்டும். குவளையைப் பிடுங்கினால் மனிதர் எங்கே போவார்? நியாயமான கேள்வி. அதனால்தான் கையைக் கட்டிப்போடச் சொல்லவில்லை. வேலையை மாற்றிக் கொடுங்கள் என்கிறேன். வாரம் ஒருமுறை சாடியைக் கால்வட்டம் திருப்பட்டும். ஈரத்துணியால் இலைத் தூசியைத் துடைக்கட்டும். அடித்தட்டில் நிற்கும் தண்ணீரைக் கொட்டட்டும். பேசவும் செய்யட்டும், பேச்சால் வேர் அழுகியதாகக் கேள்வியில்லை.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால், ஊற்றுவதற்கு முன் சுட்டுவிரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விடச் சொல்லுங்கள். விரலில் ஈரம் பட்டால், அந்தத் தண்ணீரை அவரே குடிக்கட்டும்.